விரைவுச் சாலையை விட்டு இறங்குங்கள்



திருமணமான நாள் முதல் இந்நாள்வரை நீங்கள் இருவரும் சேர்ந்து சென்ற பயணங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தங்கையின் திருமணம், பெரியப்பாவின் அடக்க ஆராதனை, மைத்துனர் கட்டிய வீட்டின் பிரதிஷ்டை, கிறிஸ்துமஸ், பிள்ளைகளின் கோடை விடுமுறை, கன்வென்ஷன் கூட்டங்கள் எனப் பட்டியல் நீளும். அவற்றுள், எந்தக் காரியமும் இல்லாமல், எவரையும் போய்ப் பார்த்தாக வேண்டிய கடமையும் இல்லாமல், கணவனும் மனைவியுமாக மட்டும் புறப்பட்டுச் சென்ற பயணம் எத்தனை? பெரும்பாலான வீடுகளில் ஒன்றுகூட இராது.

நம்மைப்போல் பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்களுக்கு விடுப்பு என்றாலே சொந்த ஊர்தான். ரயில் முன்பதிவு திறக்கும் 60ஆவது நாள் காலையிலேயே கணினிமுன் உட்கார்ந்து பயணச்சீட்டு எடுக்கிறோம். ஊர் போய்ச் சேர்ந்தபின் கணவர் ஒரு திண்ணையிலும் மனைவி ஒரு சமையற்கட்டிலுமாக ஒரு வாரம் கழிகிறது. திரும்பி வந்த மறுநாளே வேலை. பெற்றோரையும் உற்றாரையும் கண்டுவருவது நம் கடமை. அதைக் குறைசொல்ல நான் எழுதவில்லை. ஆனால் அந்தக் கடமைகளுக்கிடையே இல்லறத்தின் இருவர் ஒருவருக்கொருவர் விருந்தாளிகளாகிவிடும் ஆபத்தைத்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

சண்டை இல்லாத வீட்டின் மௌனம்

பெங்களூரில் எங்கள் சபைக்கு வருகிற ஒரு தம்பதியர் என்னிடம் வந்தார்கள். சகோதரி ஒரு மருத்துவமனையில் செவிலியர். சகோதரர் இரவுப்பணி பார்க்கிறவர். மணமாகிப் பதினான்கு ஆண்டுகள்; இரண்டு பிள்ளைகள். “பாஸ்டர் ஐயா, எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் பேசவும் ஒன்றும் இல்லை” என்றார் அந்தச் சகோதரி. ஒருவர் வீட்டுக்குள் வரும்போது மற்றவர் செருப்பை மாட்டுகிறார். பால் வாங்கியாயிற்றா, மின்கட்டணம் கட்டியாயிற்றா, பெரியவனுக்குக் காய்ச்சல் விட்டதா என்பதோடு பேச்சு முடிகிறது.

சண்டையிடுகிற வீட்டைக் குறித்து எல்லாரும் ஜெபிக்கிறார்கள். சண்டையில்லாமல் வற்றிப்போகிற வீட்டை எவரும் கவனிப்பதில்லை. அவர்களுக்கு நான் கொடுத்த ஆலோசனை எளியது: இரண்டு நாள் விடுப்பு எடுங்கள், பிள்ளைகளை ஒரு குடும்பத்தில் ஒப்படையுங்கள், உங்கள் மோட்டார் சைக்கிளிலேயே மைசூர்ச் சாலையில் மெதுவாகப் போய்வாருங்கள், போகிற வழியில் கிடைப்பதைச் சாப்பிடுங்கள், காவிரிக் கரையில் உட்காருங்கள். இதைத் தவிர வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தச் சகோதரர் தயங்கினார். “ஐயா, இது உலகத்தார் போகிற உல்லாசப் பயணம் அல்லவா?” என்று கேட்டார். இக்கேள்வி நம்மில் அநேகருக்கு உண்டு என்பதால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

பஞ்சகாலத்தில் பிழைக்க இடம் தேடிக் கேராருக்குப் போன ஈசாக்கையும் ரெபெக்காளையும் நினைத்துப் பாருங்கள். அவர்களும் நம்மைப்போல் அந்நிய ஊரில் பயந்து வாழ்ந்தவர்கள்தாம். பயத்தினால் அவளைத் தன் சகோதரி என்றே ஈசாக்கு சொல்லிவைத்திருந்தான். அவ்வூர் அரசன் உண்மையை எதைக் கண்டு அறிந்துகொண்டான்? அவர்கள் இருவரும் கூடி மகிழ்ந்திருந்ததைத் தன் ஜன்னலிலிருந்து கண்டுதான். அந்நிய ஊரின் நெருக்கடியிலும் அவர்களுக்குள் அந்த மகிழ்ச்சி இருந்தது. நம் வீட்டு ஜன்னல் வழியாக அக்கம்பக்கத்தார் பார்த்தால் எதைக் காண்பார்கள்? உண்ணவும் நேரமில்லாதிருந்த சீஷர்களை நம் ஆண்டவரே தனித்த இடத்திற்குப் படகில் அழைத்துப்போனார் என்பதும் நாம் அறிந்ததே. ஓய்வு பாவமன்று, ஒருவரையொருவர் மறந்துபோகும் அளவுக்கு உழைப்பதைத்தான் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இரண்டு சாலைகள்

பெங்களூரிலிருந்து மைசூருக்கு இப்போது விரைவுச் சாலை உண்டு. 118 கிலோமீட்டர் நீளமுள்ள இது 2023 மார்ச் 12 அன்று திறக்கப்பட்டது. முன்பு மூன்று மணி நேரம் பிடித்த தூரத்தை ஒன்றரை மணி நேரத்தில் கடக்கலாம். பிடதி, ராமநகரா, சென்னப்பட்டணா, மத்தூர், மண்டியா, ஸ்ரீரங்கப்பட்டணா என்று வரிசையாக இருந்த ஊர்கள் எதையும் தொடாமல் அது சுற்றிக்கொண்டும் தாண்டிக்கொண்டும் போய்விடுகிறது. அவசரக் காரியமாகப் போகிறவர்களுக்கு அது நல்ல சாலைதான். ஆனால் அதில் போகிறவர்கள் வழியில் ஒன்றையும் பார்ப்பதில்லை, ஒருவரோடும் பேசுவதில்லை. அச்சாலை திறந்த சில மாதங்களிலேயே பொம்மைக் கடைக்காரரும் வடைக் கடைக்காரரும் வியாபாரம் படுத்துவிட்டதென்று வருந்திய செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள்.

2023 ஆகஸ்டு 1 முதல் அந்த விரைவுச் சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கும் ஆட்டோக்களுக்கும் அனுமதியில்லை. அவை பக்கச் சாலையிலும், ஊர்களுக்குள் நுழைந்து போகும் பழைய சாலையிலுமே போகவேண்டும். கார் இல்லையே என்று அந்தச் சகோதரர் வருந்தினார். கார் இல்லாததுதான் உங்களுக்கு நன்மை என்றேன். பழைய சாலையே இப்பயணத்துக்கு ஏற்ற சாலை. கார் வைத்திருப்போரும் அன்றைக்கு விரைவுச் சாலையை விட்டு இறங்கிவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இல்லறத்திலும் இப்படி இரண்டு சாலைகள் உண்டு. கடன் அடைப்பது, பிள்ளைகளைப் படிக்கவைப்பது, ஊரில் ஒரு வீடு கட்டுவது என்று இலக்கை மட்டுமே பார்த்து ஓடுகிற சாலை ஒன்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்று நின்று போகிற சாலை மற்றொன்று. முதலாவது இல்லாமல் நகரத்தில் பிழைக்க முடியாது. ஆனால் எப்போதும் அதிலேயே போகிறவர்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் உடன்வந்தவரை யாரென்று அறியாதிருப்பார்கள்.

வழியிலே கிடைக்கும் ஆகாரம்

வீட்டிலிருந்து புளிச்சாதம் கட்டிக்கொண்டு போவது நம் சகோதரிகளின் வழக்கம். இந்த ஒருமுறை அதை விட்டுவிடுங்கள். விடியற்காலையில் எழுந்து அடுப்பில் நின்றுவிட்டுப் புறப்பட்டால் அவருக்கு அது எப்படி ஓய்வாகும்?

காலை ஆகாரத்துக்குப் பிடதி போதும். பெங்களூர் நகரத்தை விட்டு வெளியேறிச் சற்று நேரத்தில் அவ்வூர் வந்துவிடும். அங்கே தட்டு இட்லி பெயர்பெற்றது. குழியில் ஊற்றாமல் தட்டையான தட்டுகளில் ஊற்றி அவிப்பதால் ஒரு சிறு தட்டளவு அகலமாக, பஞ்சுபோல் இருக்கும். மேலே ஒரு சிறு உருண்டை வெண்ணெய் வைத்துத் தருவார்கள். நம் ஊர் இட்லியோடு ஒப்பிட்டுக் குறைசொல்லாமல் உண்ணுங்கள். ஒரே தட்டில் இருவரும் பிட்டுச் சாப்பிட்டாலும் எவரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

அடுத்து ராமநகராவின் பெரும் பாறைக் குன்றுகள். ‘ஷோலே’ திரைப்படம் எடுக்கப்பட்ட இடம் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். பட்டுக்கூட்டுச் சந்தைக்கும் அவ்வூர் பெயர்போனது. அதையடுத்த சென்னப்பட்டணாவில் மரப்பொம்மைகளைக் கடைசல் பிடிக்கிறார்கள். வெட்பாலை மரத்தைக் கடைந்து, அது சுழலும்போதே வண்ண அரக்கை அழுத்திப் பூசுகிறார்கள். கை பட்டுத் தேய்ந்தாலும் நிறம் எளிதில் போவதில்லை. வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளுக்கு இங்கே ஒரு பொம்மை வாங்குங்கள். வாங்கியபின் பிள்ளைகளைப் பற்றிய கவலையையும் அந்தப் பையிலேயே கட்டி வைத்துவிடுங்கள்.

மத்தூர் சிம்ஷா ஆற்றங்கரையில் உள்ளது. மத்தூர் வடை நம் உளுந்து வடையைப் போன்றதன்று. அரிசிமாவும் ரவையும் மைதாவும் வெங்காயமும் கறிவேப்பிலையும் சேர்த்துப் பிசைந்து, தட்டையாகத் தட்டிப் பொரிப்பார்கள். ஓரம் மொறுமொறுவென்றும் நடு சற்று மெதுவாகவும் இருக்கும். ரயில் பயணிகளுக்கு நிலையத்தில் விற்றே இவ்வடை புகழ்பெற்றது. உளுந்து ஊறவும் அரைக்கவும் காத்திராமல் சட்டென்று செய்யக்கூடியதாய் இருப்பதன் காரணம் அதில் விளங்கும். நீங்களோ அவசரமின்றி உட்கார்ந்து உண்ணுங்கள்.

மண்டியாவில் இருபுறமும் கரும்புத் தோட்டம். 1933ஆம் ஆண்டு தொடங்கிய சர்க்கரை ஆலை உள்ள ஊர் அது. வெல்லம் காய்ச்சும் ஆலைகள் வழியெங்கும் உண்டு; காய்ச்சும் நாளாயின் வாசனையே வண்டியை நிறுத்திவிடும். மதியத்திற்குக் கேழ்வரகுக் களி உருண்டையும் நாட்டுக்கோழிச் சாறும் கேளுங்கள். களியைப் பிட்டுச் சாற்றில் தோய்த்து மெல்லாமல் விழுங்கவேண்டும் என்பது அவ்வூர்ப் பழக்கம். முதல் உருண்டையில் உங்கள் கணவர் மென்றுகொண்டே திணறுவதைப் பார்த்து நீங்கள் சிரிப்பீர்கள். எத்தனை நாளுக்குப்பின் அப்படிச் சிரித்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இத்தனையையும் நான் விவரிப்பதற்கு நாவின் ருசி மட்டும் காரணமன்று. வீட்டில் ஆகாரம் ஒருவர் சமைக்க ஒருவர் உண்ணும் காரியமாகிவிடுகிறது. அதிலே குறை, நிறை, கணக்கு எல்லாம் வந்து சேர்கின்றன. வேற்றூர்க் கடையில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, இருவருக்கும் புதிதான ஒன்றை உண்ணும்போது, சமைத்தவரும் இல்லை, குறைசொல்பவரும் இல்லை. இருவரும் பிள்ளைகளைப்போல் ஆகிவிடுகிறார்கள். பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

காவிரிக் கரையில்

நான் குறிப்பிட்ட தம்பதியர் பிற்பகலில் ஸ்ரீரங்கப்பட்டணா போய்ச் சேர்ந்தார்கள். காவிரி இரண்டு கிளையாகப் பிரிந்து சூழ்ந்திருக்கும் தீவு அவ்வூர். 1799 மே 4 அன்று திப்பு சுல்தான் போரிட்டு மடிந்த கோட்டை அங்கே இருக்கிறது. 1784இல் அவர் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியங்களையும் பார்க்கலாம். ஆனால் அவர்கள் எதையும் அவசரமாகப் பார்க்கவில்லை. பிரிந்த கிளைகள் தீவின் கிழக்கு முனையில் மறுபடியும் ஒன்றுசேருகிற ‘சங்கமா’ என்னும் இடத்தில் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்கள்.

அங்கே அந்தச் சகோதரி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்து, “இந்தத் தண்ணீர்தாங்க எங்கள் ஊருக்கு வரும்” என்றாராம். அவர் குளித்தலைக்காரர். சகோதரரோ சாத்தான்குளத்துப் பக்கம். செம்மண் தேரியும் பனையும் பார்த்து வளர்ந்தவர். ஆறு என்றால் அவருக்கு மழைநாளில் ஓடுகிற ஒன்று. மனைவி சிறுவயதில் அண்ணன்மாரோடு காவிரியில் நீந்தியதும், தகப்பனார் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் வாழை போட்டிருந்ததும், 2002, 2003ஆம் ஆண்டுகளில் ஆற்றில் தண்ணீர் பொய்த்தபோது அந்தக் குத்தகையை விட்டுவிட்டுக் குடும்பமே திருப்பூருக்குப் போனதும், தகப்பனார் அதன்பின் ஒருநாளும் அந்த நிலத்தைப் பற்றிப் பேசாததும் அவருக்குத் தெரியாது. மாமனார் பனியன் கம்பெனியில் வேலைபார்த்தவர் என்று மட்டுமே அறிந்திருந்தார்.

“பதினான்கு வருஷமாக ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டாராம்.

“நீங்கள் கேட்டதில்லை. எனக்கும் உட்கார்ந்து சொல்ல நேரம் வந்ததில்லை.”

இருட்டும்வரை அங்கேயே இருந்தார்கள். அவர் தம் வீட்டாரைப்பற்றியும் சொல்லத் தொடங்கினார். மகன் பிறந்த வருஷம் வேலைபோய் மூன்று மாதம் அதை மறைத்து, அலுவலகம் போவதுபோல் காலையில் புறப்பட்டுப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் மனைவியிடம் சொன்னார். அந்தச் சகோதரி கோபப்படவில்லை. “அந்த மூன்று மாதமும் மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள்?” என்று மட்டும் கேட்டாராம். இதை என்னிடம் சொல்லும்போது அந்தச் சகோதரரால் தொடர்ந்து பேச முடியவில்லை.

அருமையானவர்களே, வீட்டின் நான்கு சுவர்களுக்குள் இந்த உரையாடல் நடந்திருக்கலாம், ஆனால் நடக்கவில்லை. குக்கர் சத்தமும் கைபேசி மணியும் நடக்கவிடவில்லை. ஓடுகிற தண்ணீரின் முன் இருவர் ஒரே பக்கம் பார்த்து உட்காரும்போது, முகத்துக்கு நேரே சொல்ல முடியாததும் வாயில் வந்துவிடுகிறது.

பெங்களூரில் வாழும் நமக்கு இந்த ஆறு இன்னொரு வகையிலும் நெருங்கியது. குடகு மலையில் தலைக்காவிரியில் பிறந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடிப் பூம்புகாரில் கடலில் கலக்கும் இதே ஆற்றிலிருந்துதான், 1974ஆம் ஆண்டு முதல், சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேடேற்றி நம் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவருகிறார்கள். திருச்சியிலும் தஞ்சையிலும் நம் பெற்றோர் குடித்த தண்ணீரையே நாம் இங்கேயும் குழாயில் பிடிக்கிறோம். காவிரி என்றவுடன் 1991 டிசம்பரும் 2016 செப்டம்பரும் நினைவுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பயந்திருந்த இரவுகளை எண்ணுகிறவர்கள் நம்மில் உண்டு. அந்தப் பயத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆயினும் இச்சாலையில் மெதுவாகப் போய்ப் பாருங்கள். தேநீர்க் கடையில் அறியாத முகமான உங்களிடம் “ஊட்டா ஆயித்தா?” என்று, சாப்பாடு ஆயிற்றா என்று, கேட்கிறவர்களே அதிகம். செய்தித்தாளில் மட்டும் பார்த்த ஆற்றை நேரில் கண்டபின் அந்தப் பயமும் சற்றுத் தணியும்.

மறுநாள் காலையில் அவ்விருவரும் சில கிலோமீட்டரில் உள்ள ரங்கனதிட்டுப் பறவைகள் சரணாலயத்துக்குப் போனார்கள். பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலி எடுத்துரைத்ததன்பேரில் 1940இல் அது சரணாலயமாக்கப்பட்டது. 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆற்று நடுவே உள்ள சிறு தீவுகளின் மரங்களில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் கூடு கட்டுகின்றன. படகில் அழைத்துப்போவார்கள். பாறைகளின்மேல் முதலைகள் வாய்திறந்து அசையாமல் கிடக்கும். கூட்டிலே ஒரு பறவை அமர்ந்திருக்க மற்றது இரைக்கோ சுள்ளிக்கோ போய் வருவதைப் பாருங்கள். அவற்றுக்கும் வேலை நேரம் மாறிமாறித்தான் வருகிறது என்று அந்தச் சகோதரி சொல்லிச் சிரித்தாராம்.

இன்னும் இரண்டு நாள் இருந்தால்

நான்கு நாள் விடுப்பு உள்ளவர்கள் மைசூரில் ஓர் இரவு தங்கலாம். நெய் ஒழுகும் மைசூர்பாகும் நஞ்சன்கூட்டு ரசவாழைப்பழமும் அங்கே உண்ணத்தக்கவை. அங்கிருந்து ஹுன்சூர் வழியாகக் குஷால்நகருக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டர். அதற்குச் சற்று முன்னே பைலகுப்பே. நாட்டைவிட்டு வந்த திபெத்தியருக்கு 1961இல் ஏற்படுத்தப்பட்ட குடியிருப்பு. அங்கே மோமோவும், ‘துக்பா’ என்னும் நூடுல்ஸ் சூப்பும் கிடைக்கும். ஊர்விட்டு வந்தவர்கள் தங்கள் அடுப்பை உடன் கொண்டுவந்ததைக் காண்பது நமக்கு ஒரு பாடம்.

குஷால்நகரில் காவிரி இன்னும் இளையவள். அருகே காவிரி நிசர்கதாமாவில் தொங்குபாலத்தைக் கடந்தால் மூங்கில் தோப்பு நிறைந்த ஒரு தீவு. துபாரே முகாமில் காலையில் யானைகளை ஆற்றில் குளிப்பாட்டுகிறார்கள். குடகர் உணவில் அரிசிக்குறுநொய்யை அவித்து உருட்டிய கடம்புட்டும், நம் இடியாப்பத்தைப் போன்ற நூல்புட்டும், கச்சம்புளி சேர்த்துக் கருக வதக்கிய பன்றிக்கறியும், மழைக்காலத்தில் மூங்கில் குருத்துக் கறியும் சிறப்பு. டிசம்பரில் போனால் காப்பித் தோட்டங்களில் பழம் சிவந்திருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை குடகில் கனமழை; 2018, 2019, 2020ஆம் ஆண்டுகளில் நிலச்சரிவுகளும் நேர்ந்தன. ஆகையால் அக்டோபருக்குப் பின் போவதே நல்லது.

மும்பையில் இருக்கிறவர்கள் இதற்காகப் பெங்களூர் வரவேண்டியதில்லை. புனேயைத் தாண்டிக் கிருஷ்ணா நதிக்கரையில் வாயி என்ற ஊரின் படித்துறைகள் உண்டு. கடலைமாவுப் பிட்லாவும் சோளரொட்டியும் அப்பக்கத்து ஆகாரம். ஹைதராபாத்தாருக்கு நாகார்ஜுனசாகர், டில்லியாருக்கு ரிஷிகேஷ். எந்த நகரத்திலிருந்தும் ஒரு பகல் தூரத்தில் ஏதோ ஓர் ஆறு இருக்கிறது.

நீங்கள் சொல்லும் தடைகள்

“பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?” என்பீர்கள். ஊரில் பாட்டி இருப்பார், நகரத்தில் இல்லை. சபை அந்தப் பாட்டியாக இருக்கட்டும். இரண்டு குடும்பங்கள் உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள்: இம்மாதம் அவர்கள் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் உங்கள் பிள்ளைகளை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எங்கள் சபையில் அந்தத் தம்பதியருக்கு ஒரு மூத்த சகோதரி இப்படி உதவினார்.

“செலவு?” என்பீர்கள். வண்டியில்லாதவர்களுக்குப் பேருந்தும் ரயிலும் உண்டு. பாசஞ்சர் ரயில் ஒவ்வொரு ஊரிலும் நிற்கும். பெரிய விடுதி தேவையில்லை. சுத்தமான சிறிய அறை போதும். ஓர் உறவினர் திருமணத்திற்குக் கடன்வாங்கி மொய் எழுதுகிறோம். நம் சொந்தத் திருமணத்திற்கு வருடத்துக்கு ஒருமுறை எழுதும் மொய் என்று இதை எண்ணிக்கொள்ளுங்கள்.

“ஞாயிறு ஆராதனை?” என்பீர்கள். வார நாட்களில் போங்கள். சாலையிலும் கூட்டம் குறைவு, அறை வாடகையும் குறைவு.

புறப்படுமுன் சில குறிப்புகள்

1. ஒருநாளைக்கு 120 கிலோமீட்டருக்குமேல் திட்டமிடாதீர்கள். ஊர்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் அதுவும் வேலையாகிவிடும்.

2. பிள்ளைகளோடு பேசக் காலை ஒருமுறை, இரவு ஒருமுறை தவிர, கைபேசி பையில் இருக்கட்டும். புகைப்படம் ஐந்து போதும்.

3. கடன், பள்ளிக் கட்டணம், மாமியார் வீடு ஆகிய மூன்றையும் முதல் நாள் மதியச் சாப்பாடுவரை பேசக்கூடாது என்று ஒப்பந்தம் செய்யுங்கள். சபை விவகாரமும் போதகரைப் பற்றிய விமரிசனமும் அந்தப் பட்டியலில் அடங்கும்!

4. ஆற்றைக் கண்டவுடன் இறங்காதீர்கள். அணையில் தண்ணீர் திறந்தால் மட்டம் திடீரென உயரும், பாறை வழுக்கும், சுழல் வெளியே தெரியாது, முதலைகளும் உண்டு. எச்சரிக்கைப் பலகையை மதியுங்கள். ஊரார் குளிக்கும் துறையில் காலை நனைத்தாலே போதும். வெள்ளக்காலத்தில் படகு ஓட்டம் நிறுத்தப்படும், அப்போது வற்புறுத்தாதீர்கள்.

5. மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்கிறவருக்கும் தலைக்கவசம் வேண்டும். இருட்டியபின் ஓட்டாதீர்கள்.

6. கரையில் ஒரு நெகிழிப் பையையும் விட்டுவராதீர்கள். அந்தத் தண்ணீரைக் கீழே குடிக்கிறவர்கள் நம் சொந்த ஜனங்கள்.

7. பேச்சு வராவிட்டால் கலங்காதீர்கள். பல வருட மௌனம் ஒரே நாளில் உடையாது. சேர்ந்து சும்மா உட்கார்ந்திருப்பதும் ஐக்கியமே.

நான் சொன்ன தம்பதியர் திரும்பிவந்தபின் அவர்கள் வேலை நேரம் மாறிவிடவில்லை. இன்றும் அவருக்கு இரவுப்பணிதான். வீட்டுக்கடனும் அப்படியே இருக்கிறது. ஆனால் ஒருவர் உள்ளே வந்து மற்றவர் வெளியே போகும் நேரத்தில், கதவருகே ஐந்து நிமிடம் நிற்கிறார்கள் என்று அவர்கள் மகள் சொல்லுகிறாள். அந்த ஐந்து நிமிடத்திற்காக அந்தச் சகோதரி பத்து நிமிடம் முன்னதாகவே புறப்பட்டுத் தயாராகிவிடுகிறாராம்.

அன்பான சகோதரரே, சகோதரியே, இதை வாசித்து முடித்தவுடன் பத்திரிகையை உங்கள் துணைவரிடம் கொடுங்கள். பின்பு இருவருமாக நாட்காட்டியை எடுத்து, ஊருக்கென்று ஒதுக்கிவைத்த விடுப்பில் இரண்டே நாளைப் பிரித்து, அந்தத் தேதிகளை வட்டமிடுங்கள். எங்கே போகிறோம் என்பதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதித்து, உங்கள் இல்லறத்தில் சமாதானம் அருளுவாராக.